பரங்கிமலையிலிருந்து பர்துபாய் வரை

1997 ஜூன். ஷார்ஜாவின் தொழிற்பேட்டையைத் தாண்டிய மணல்வெளியில் ஒரு கிடங்கு கட்டும் இடம். திருச்சிப் பக்கத்துப் பாலிடெக்னிக் ஒன்றில் சிவில் டிப்ளமா முடித்து, சென்னையில் இரண்டு வருடம் லெவல் பார்த்துவிட்டு விமானம் ஏறிய நான் அங்கே சர்வேயர். எனக்குத் துணையாக விடப்பட்டவர் முத்துப்பேட்டைக்காரர். ஐம்பதைத் தாண்டியவர், விசாவில் 'செயின்மேன்' என்று இருக்கும். எல்லோருக்கும் அவர் பாய். முதல் நாள் விடியற்காலை ஐந்தரைக்கே டோட்டல் ஸ்டேஷனை முக்காலியில் ஏற்றி, குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டு நிமிர்ந்தேன். பாய் பிரிஸக் கோலைத் தோளில் சாய்த்தபடி கேட்டார்: "தம்பி, எந்தக் கல்லுலேர்ந்து எடுக்குறிய?"

"டிராயிங்கில இருக்கு பாய்."

"டிராயிங் எந்தக் கல்லுலேர்ந்து வந்துச்சு?"

எனக்குத் தெரியவில்லை. கன்சல்டண்ட் அலுவலகம் கொடுத்த எண்களை அப்படியே கருவியில் ஏற்றியிருந்தேன். பாய் அதற்கு முன் வேலை பார்த்த ஒரு சைட்டில் தூண் குழிகள் முழுவதையும் தோண்டிய பிறகுதான் ஆரம்பக் கல்லே தவறு என்று தெரிந்ததாம். மூடிவிட்டு மறுபடி தோண்டினார்களாம். அன்று நாங்கள் அரை நாளை அந்தக் கல்லைத் தேடுவதிலேயே கழித்தோம்.

இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்கு ஒரு விளக்கம். நிலத்தில் எந்தப் புள்ளியும் தானாக 'இங்கே' இருப்பதில்லை. ஏற்கெனவே இடம் தெரிந்த இன்னொரு புள்ளியிலிருந்து இத்தனை தூரம், இத்தனை கோணம் என்றுதான் அதைச் சொல்ல முடியும். அந்த இன்னொரு புள்ளிக்கு அதற்கு முந்தைய ஒன்று. கிடங்கின் தூணுக்கு சைட்டில் அடித்த ஆணி, ஆணிக்கு நகராட்சியின் கல், கல்லுக்கு நாட்டின் கட்டுப்பாட்டு வலை. பாயின் கேள்வியை விடாமல் பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போனால் எங்கே போய் நிற்போம் என்று பல வருடங்கள் கழித்துத்தான் தேடிப் பார்த்தேன். நான் விமானம் ஏறிய மீனம்பாக்கத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் விட்டது அந்தத் தேடல்.

எண்ணெய் நிறுவனங்கள் காலத்தில் தயாரான அமீரகத்துப் பழைய வரைபடங்களின் ஓரத்தில் 'நஹ்ர்வான்' என்ற பெயர் இருக்கும். அது ஈராக்கில், பாக்தாத் அருகே உள்ள ஊர். அங்கிருந்த ஓர் அளவை நிலையை ஆதாரமாக வைத்து நீட்டிய வலைதான் வளைகுடாவின் தெற்குக் கரை வரை வந்தது. பிறகு ஜி.பி.எஸ். வந்தபோது அதன் உலகளாவிய ஆதாரத்துக்கும் நஹ்ர்வானுக்கும் ஒத்துப்போகவில்லை. அபுதாபிப் பக்கத்தில் ஒரே அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இரண்டு முறையிலும் தரையில் குறித்தால் ஏறக்குறைய இருநூறு மீட்டர் தள்ளி விழும். குழாய் பதிப்பவனுக்கும் எண்ணெய்க் கிணறு தோண்டுபவனுக்கும் இருநூறு மீட்டர் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. தொண்ணூறுகளில் இங்கே வேலை பார்த்த சர்வேயர்கள் எல்லோருக்கும் 'இது எந்த டேட்டம்?' என்று கேட்டுவிட்டுத்தான் கோப்பைத் திறக்கும் பழக்கம் வந்தது. பாயின் கேள்விதான், ஆங்கில உடை போட்டிருந்தது.

நஹ்ர்வான் கணக்குக்கு அடியில் இன்னொரு தளம் உண்டு. பூமி சரியான உருண்டை இல்லை, துருவங்களில் சற்றே தட்டையானது. எவ்வளவு தட்டை என்பதற்கு ஓர் எண் வேண்டும். நஹ்ர்வான் எடுத்துக்கொண்டது 1880-ல் அலெக்ஸாண்டர் ராஸ் கிளார்க் கணக்கிட்ட எண். கிளார்க் பிரிட்டனின் ஆர்ட்னன்ஸ் சர்வேயில் பணியாற்றியவர். உலகின் பல பகுதிகளில் தரையில் அளந்த நீண்ட வில்களை ஒன்றுசேர்த்து அவர் பூமியின் வடிவத்தைக் கண்டார். அந்த வில்களில் ஒன்று இந்தியாவினுடையது. குமரி முனையிலிருந்து இமயமலை அடிவாரம் வரை போகும் அந்த அளவையைத் தொடங்கிவைத்தவர் வில்லியம் லாம்டன். 1802 ஏப்ரல் 10 அன்று அவர் முதல் சங்கிலியைக் கிடத்திய இடம் பரங்கிமலை அடிவாரம்.

அடிக்கோடு பரங்கிமலையிலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை, சுமார் 12 கிலோமீட்டர். நூறடி எஃகுச் சங்கிலி. சீனப் பேரரசருக்குப் பரிசாக அனுப்பப்பட்டு, அங்கே வேண்டாமென்று திரும்பி வந்த கருவிகளில் ஒன்று அது. சென்னையின் சித்திரை வெயிலில் எஃகு நீளும். அதனால் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, பக்கத்தில் வெப்பமானி வைத்து, மேலே கூடாரத் துணி பிடித்து அளந்தார்கள். ஒவ்வொரு அளவுக்கும் சூட்டுக்கான திருத்தம் தனியாக. பெட்டிகளைச் சுமந்தவர்கள், முக்காலிகளை நகர்த்தியவர்கள், கொடி பிடித்தவர்கள் யாரென்று லாம்டனின் அறிக்கைகளில் தேடினால் எண்ணிக்கை கிடைக்கலாம், பெயர் கிடைப்பது அரிது. 1808-ல் அரை டன் எடையுள்ள தியோடலைட்டைத் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் கூடாரத்துக்குள் வாரக்கணக்கில் உட்கார்ந்து அதன் வட்டத்தைத் தட்டிச் சரிசெய்தார் என்பது நில அளவை வரலாறு படிப்பவர்கள் எல்லோரும் சொல்லும் கதை. கயிறு அறுந்த கணத்தில் மறுமுனையைப் பிடித்திருந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதை யாரும் சொல்வதில்லை. முப்பது வருடம் செயின்மேன்களோடு வேலை பார்த்தவனுக்கு முதலில் தோன்றுவது அதுதான்.

லாம்டனின் அளவுகளைப் பின்வந்தவர்கள் திருத்தினார்கள், சிலவற்றை முழுக்க மறுபடி அளந்தார்கள். ஜார்ஜ் எவரெஸ்ட் 1841-ல் வில்லை வடக்கே கொண்டுபோய் முடித்தார். ஆகவே ஷார்ஜாவில் நான் ஊன்றிய ஆணிக்குள் பரங்கிமலைச் சங்கிலியே இருக்கிறது என்று சொன்னால் அது மிகை. ஆனால் அந்த வம்சாவளியில் பரங்கிமலைக்கு ஓர் இடம் உண்டு என்பது கணக்கு.

அதற்கும் எட்டு வருடம் முன்பே, 1794-ல், புனித ஜார்ஜ் கோட்டையில் எட்டு மாணவர்களோடு ஒரு சர்வே பள்ளி தொடங்கியது. யோசனை மைக்கேல் டாப்பிங்குடையது. சென்னையில் வானாய்வகம் அமைவதற்குக் காரணமாக இருந்தவரும் அவரே. கம்பெனிக்குப் புதிதாகக் கைக்கு வந்த நிலத்தை அளந்தால்தான் வரி போட முடியும். இங்கிலாந்திலிருந்து ஆள் கொண்டுவந்தால் கட்டுப்படியாகாது. எழும்பூர் அநாதை இல்லத்தில் வளர்ந்த, ஐரோப்பியச் சிப்பாய்களுக்கும் உள்ளூர்ப் பெண்களுக்கும் பிறந்த பையன்களை எடுத்துக் கோணமும் கணக்கும் கற்றுக்கொடுத்தார்கள். பின்னர் காலின் மெக்கன்சி மைசூரை அளக்கப் போனபோது அந்தப் பள்ளிப் பையன்கள் உடன் போனார்கள். காய்ச்சல் நிறைந்த காட்டில், குறைந்த சம்பளத்துக்கு. அந்தப் பள்ளிதான் வளர்ந்து கிண்டி பொறியியல் கல்லூரியானது. இன்றும் அண்ணா பல்கலைக்கழகத்தின் அந்த வளாகத்தில் புவித்தகவலியல் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஐரோப்பாவுக்கு வெளியே எழுந்த மிகப் பழைய தொழில்நுட்பப் பள்ளிகளில் ஒன்று என்று நாம் பெருமை பேசும்போது, அது மலிவான கைகளுக்காகத் திறந்த பள்ளி என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது. வளைகுடாவுக்கு ஆள் எடுக்கும் அலுவலக வாசலில் வரிசையில் நின்ற எவருக்கும் அந்தக் கணக்கு புதிதாக இருக்காது.

தமிழில் நில அளவை பற்றி எழுதினால் இராஜராஜனையும் உலகளந்த கோலையும் முதல் பத்தியில் வைப்பது வழக்கம். சோழர் அளவை பெரிய விஷயம்தான், மறுப்பில்லை. ஆனால் வெளிநாட்டில் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல நமக்கு எப்போதும் அரசர்களே கிடைக்கிறார்கள். நான் சொல்ல விரும்புவது ஆற்காட்டிலிருந்து வந்த ஒரு மெக்கானிக்கைப் பற்றி. சையத் மீர் மோஹ்சின் ஹுசேன். சென்னையில் நகைக்கடை ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். கையின் நேர்த்தியைக் கண்டு, பின்னாளில் இந்தியாவின் சர்வேயர் ஜெனரலான வாலன்டைன் பிளேக்கர் அவரைக் கல்கத்தாவுக்கு அழைத்துப் போனார். எவரெஸ்டின் பெரிய தியோடலைட்டுகள் பழுதானபோது, லண்டனிலிருந்து வந்த கருவி வல்லுநர் விட்டுப்போன வேலையை இவர் எடுத்துச் செய்தார். 1840களில் கணிதக் கருவி செய்பவர் என்ற பதவி, முன்பு ஆங்கிலேயர் வகித்தது, இவருக்குக் கிடைத்தது. சிகரத்துக்கு எவரெஸ்டின் பெயர் வைத்தார்கள், அளந்த கருவியைச் சரிசெய்தவர் ஆற்காட்டுக்காரர். இந்தப் பெயரை நான் பாயிடம் சொன்னபோது அவர் இரண்டு முறை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அதே கம்பெனியின் கப்பல்கள்தான் வளைகுடாவையும் அளந்தன. 1820-ல் கரையோர ஷேக்குகளோடு ஒப்பந்தம் ஆனதும், பம்பாய் மரைன் என்ற கம்பெனிக் கடற்படையின் அதிகாரிகள் அடுத்த சில ஆண்டுகளில் கரை முழுவதையும் முக்கோண அளவையால் வரைந்தார்கள். 1822-ல் லெப்டினன்ட் கோகன் வரைந்த துபாய் உப்பங்கழியின் படம் இன்றும் இருக்கிறது. நீரின் ஆழங்கள், திட்டுகள், கரையில் ஒரு சிற்றூர். பர்துபாயில் அப்ரா படகுக்காக நிற்கும் தமிழர் யாரும் அந்தப் படத்தைப் பார்த்தால் கழியின் வளைவை அடையாளம் கண்டுகொள்வார்கள். ஊரைத்தான் கண்டுகொள்ள முடியாது. உள்நாட்டுப் பாலைவனம் அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. கப்பலுக்குத் துறைமுகமும் முத்துக்குளிக்கும் திட்டும் தெரிந்தால் போதும். 1908-ல் லோரிமரின் கெஸட்டியருக்காக இந்திய சர்வே துறையின் ஃபிரேசர் ஹண்டர் அரேபியா, பாரசீக வளைகுடா முழுவதற்கும் ஒரு படம் தொகுத்தார். அதிலும் பாலைவனத்தின் பெரும்பகுதி பயணிகள் சொன்னதைக் கேட்டு நிரப்பியதே.

எண்ணெய் வாசனை வந்த பிறகுதான் 'இந்த மணல் யாருடையது' என்ற கேள்வி எழுந்தது. 1950களின் நடுவில் ஜூலியன் வாக்கர் என்ற இளம் பிரிட்டிஷ் அதிகாரி மலைகளிலும் மணலிலும் திரிந்து, குலத் தலைவர்களிடம் கேட்டுக் கேட்டு எல்லை குறித்தார். நீங்கள் யாருக்கு ஸகாத் கொடுக்கிறீர்கள்? இந்தக் கிணறு எவர் கிணறு? ஆடு எதுவரை மேயும்? பதில்களைத் தாளில் இறக்கியபோது கிடைத்தது ஒட்டுப்போட்ட போர்வை போன்ற ஒரு படம். அமீரகத்துக்கு நடுவே ஓமானின் மத்ஹா, அந்த மத்ஹாவுக்கு நடுவே ஷார்ஜாவின் நஹ்வா. துபாயின் ஹத்தா தாய்நகரிலிருந்து எங்கோ தள்ளி மலைக்குள். கோர்ஃபக்கான் பக்கம் கார் ஓட்டிப் போகிறவர்கள் கைப்பேசி 'ஓமானுக்கு வரவேற்கிறோம்' என்று சொல்வதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு கிழவர் ஒரு கிணற்றடியில் சொன்ன பதில் இருக்கிறது. எல்லாப் பதிலும் ஒத்துப்போகவில்லை. துபாய்க்கும் ஷார்ஜாவுக்கும் இடையிலான எல்லை வழக்கு 1981-ல் ஒரு நடுவர் மன்றத்தில் முடிந்தது. இன்று அந்த எல்லையைத் தினமும் இரண்டு முறை கடக்கும் தமிழர்களுக்கு அது ஒரு டிராஃபிக் ஜாம், அவ்வளவே.

எழுபதுகளில் நம்மவர்கள் வந்திறங்கியபோது அளவையின் பெரும்பகுதி இன்னும் பாக்கி இருந்தது. துபாய்க்கு 1960-ல் ஜான் ஹாரிஸ் நகரத் திட்டம் வரைந்திருந்தார். 1972-ல் ரஷீத் துறைமுகம், 1979-ல் ஜெபல் அலி. ஒவ்வொன்றுக்கும் முன்னால் கோணமும் மட்டமும் பார்க்க ஆட்கள் வேண்டியிருந்தது. பாலிடெக்னிக் டிப்ளமாக்காரர்கள், ஐ.டி.ஐ.யில் சர்வேயர் டிரேடு முடித்தவர்கள், கிராமத்தில் தாலுகா சர்வேயரோடு சங்கிலி பிடித்துப் பழகியவர்கள் எல்லோரும் போனார்கள். யாழ்ப்பாணத்தாருக்கு இந்த அனுபவம் இன்னும் பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே அவர்கள் மலாயாவின் ரயில்வேக்கும் நில அளவைத் துறைக்கும் போய் வேறொருவர் நாட்டை அளந்தவர்கள். இலங்கையின் நில அளவைத் திணைக்களமே 1800-ல் தொடங்கியது, லாம்டனின் சங்கிலிக்கு இரண்டு வருடம் முன்பு.

வேலை எப்படி இருந்தது? கோடையில் காலை ஒன்பது மணிக்கு மேல் லெவல் பார்க்க முடியாது. கானல் எழுந்து ஸ்டாஃபின் எண்கள் தண்ணீருக்குள் ஆடுவதுபோல் ஆடும். எவரெஸ்ட் இந்தியச் சமவெளியில் இரவில் விளக்கேற்றி அளந்ததற்கும் இதுபோன்ற காரணந்தான். சப்கா என்ற உவர்நிலத்தில் ஊன்றிய ஆணி ஆறு மாதத்தில் துருப்பிடித்து உதிரும், அல்லது மண்ணோடு இறங்கும். அதனால் மட்டக் குறிப்புகளைப் பழைய கட்டடங்களின் படிகளிலும் பாலத்து ஓரங்களிலும் வைப்போம். கட்டடம் எழ எழ சர்வேயருக்கு முன்னால் யாரும் இல்லை, தப்பினால் பின்னால் எல்லோரும் இருப்பார்கள். நான் பார்த்த ஓர் இடத்தில் ஒரு தூண் வரிசை பதினைந்து சென்டிமீட்டர் விலகிப்போனது. டிராயிங்கின் பழைய பதிப்பைக் கொடுத்தது அலுவலகம், சம்பளத்தில் பிடித்தது சர்வேயரிடம், விசா ரத்தானது செயின்மேனுக்கு. நிறுவனத்தின் பெயர் இங்கே முக்கியமில்லை, எல்லா நிறுவனத்திலும் ஏதோ ஒரு காலத்தில் நடந்த கதை.

படிக்கட்டுகள் தெளிவாக இருந்தன. செயின்மேன், சர்வேயர், சீனியர் சர்வேயர், அதற்கு மேல் சர்வே இஞ்சினியர். கடைசிப் படிக்கு டிகிரி வேண்டும். அந்த டிகிரிக்குச் சென்னையிலும் டெல்லியிலும் தூதரகத்திலும் முத்திரை வேண்டும். இருபது வருடம் தினமும் கருவியைச் சமப்படுத்திய டிப்ளமாக்காரர், நேற்று வந்த பட்டதாரி கையெழுத்திடக் காத்திருப்பார். நாங்கள் குறித்துக்கொடுத்த மனைகளை வெளிநாட்டவர் வாங்கலாம் என்று துபாய் அறிவித்தது 2002-ல், சட்டமானது 2006-ல். எனக்குத் தெரிந்து எங்கள் சர்வே டீமில் யாரும் வாங்கவில்லை.

2004-ல் புர்ஜ் கலீஃபாவின் வேலை தொடங்கியது. 828 மீட்டர் உயரக் கட்டடம் காற்றிலும் வெயிலிலும் அசையும், வெயில் படும் பக்கம் நீண்டு எதிர்ப்பக்கம் சாயும். கீழே நின்று கோணம் பார்த்து அதை நேராக எழுப்ப முடியாது. உச்சியில் ஜி.பி.எஸ். ஆண்டெனாக்கள், உடலெங்கும் சாய்வுமானிகள் என்று வைத்து, கோபுரம் அந்த நிமிடத்தில் எங்கே இருக்கிறது என்று கணக்கிட்டுத்தான் அடுத்த தளத்தைக் குறித்தார்கள். பாம் ஜுமைராவில் கடலில் மணலை எங்கே தெளிப்பது என்று சொன்னதும் செயற்கைக்கோள்தான். ஊரில் தெருப்பெயரே இல்லாமல் 'பட்டாணி ரொட்டிக்கடைக்கு எதிர்ச்சந்து' என்று முகவரி சொல்லிக்கொண்டிருந்த காலம் போய், 2015-ல் துபாயின் ஒவ்வொரு வாசலிலும் மகானி என்ற பத்து இலக்க எண் ஏறியது. அந்த எண் அந்த வாசலின் ஆள்கூற்றிலிருந்து எடுக்கப்பட்டது. பீட்சா கொண்டுவரும் பையனும் ஆம்புலன்சும் அதைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். சங்கிலி பிடிக்க ஆள் தேவையில்லாத நாளும் வந்துவிட்டது. ஒருவர் தனியாகக் கோலோடு நடக்கிறார், அல்லது ட்ரோனைப் பறக்கவிடுகிறார்.

இந்த நேரத்தில்தான் ஷார்ஜாவில் பள்ளி முடித்த என் மகள் புவித்தகவலியல் படிக்கிறேன் என்றாள். உறவினர்கள் தொலைபேசியில் 'மேப் போடுற படிப்பா?' என்று கேட்டார்கள். நம் வீடுகளில் புவியியல் என்றால் மார்க் குறைந்த பிள்ளை எடுப்பது. 1926-லேயே சென்னையில் புவியியல் சங்கம் கண்டு, அதற்கொரு இதழும் நடத்திய சமூகம் நாம் என்பது யாருக்கும் நினைவில்லை. அந்த சங்கமே பின்னர் இந்திய புவியியல் சங்கம் ஆனது. ஒப்புக்கொள்கிறேன், நானும் தயங்கினேன். வெயிலில் நின்ற என் வருடங்கள் அவளுக்கு எதற்கு என்று தோன்றியது. அவள் கேட்டது வேறு: "அப்பா, நீங்க அளந்ததெல்லாம் எங்கே இருக்கு? ஒரு ஃபைல் கூடவா இல்ல?" இல்லை. எல்லாம் நிறுவனத்தின் சொத்து. இப்போது அவள் வேறொரு நாட்டில் வெள்ளம் எந்தத் தெரு வரை ஏறும் என்று படம் தயாரிக்கும் அலுவலகத்தில் இருக்கிறாள். ஏசி அறை, சங்கிலி கிடையாது.

அவளுக்குக் கொடுக்க என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று. 2004-ல் விசா முடிந்து ஊர் திரும்பியபோது பாய் என்னிடம் விட்டுப்போன நீல அட்டை நோட்டு. ஐந்தாம் வகுப்போடு நின்றவர் அவர், ஆங்கிலம் படிக்க வராது. டீம் மாறும்போதெல்லாம் புது சர்வேயருக்குக் கல்லைக் காட்ட வேண்டியவர் அவர்தான் என்பதால், ஒவ்வொரு மட்டக் குறிப்பையும் தமிழில் எழுதி வைத்திருந்தார். சென்ற முறை மகள் விடுமுறைக்கு வந்தபோது இருவரும் அந்த நோட்டோடு ஷார்ஜாவில் ஒரு பகல் சுற்றினோம். 'பள்ளிவாசல் ஒளு செய்யும் இடத்துப் படி, இடது ஓரம், 4.316' இருந்தது. ஆணியின் தலை தேய்ந்து பளபளத்தது. 'ரொட்டிக்கடை எதிரே மேன்ஹோல் மூடி, 3.872' சாலைக்கு அடியில் போய்விட்டது. அவள் கைப்பேசியில் இரண்டு இடங்களையும் பதிவு செய்துகொண்டாள். கடைசிப் பக்கத்தில் பென்சிலில் எழுதியிருந்ததை அவளால் எழுத்துக்கூட்டித்தான் படிக்க முடிந்தது: 'ரவுண்டானா நடுவில் உள்ள கல். நம்ப வேண்டாம். லாரி இடித்தது.'